எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு வாய்க்கால்

எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு நான் தலைவியானது, வேறு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வராததால்தான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி உள்ளே திரும்பினால் வரும் புதிய மனைப்பிரிவு எங்களுடையது. முப்பது வீடுகள் இருக்கும். நான் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். என் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆளாளுக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று நழுவியபோது, "சிஸ்டருக்குத்தான் வீட்டுல தொந்தரவு கம்மி, அவங்களே இருக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சு கொஞ்சம் குத்தியது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

அந்தக் கோடையிலேயே தண்ணீர் நின்றது. நகருக்குப் பொதுவாக இருந்த போர்வெல்லில் மோட்டாரைப் போட்டால் காற்று மட்டும் இரைந்துகொண்டு வந்தது. தண்ணி லாரி வாரத்துக்கு ஒரு முறை வரும். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

எல்லோரையும்விட அதிகம் திண்டாடியவர் எங்கள் எதிர் வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த அம்மாளைத் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, துவைத்துப் போடுவது எல்லாம் அவர்தான். இரண்டு பேரையும் அண்ணா, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்கு முதுகில் படுக்கைப் புண் வந்திருந்தது. தினமும் காலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவேன். அந்த வாரங்களில் அவர் பக்கெட்டில் தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது இடத்தில், பூங்காவுக்கென்று விட்டிருந்த காலி மனையில், கூட்டம் போட்டோம். ஆழமாக ஒரு புது போர் போடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. கேள்வி என்று கூடச் சொல்ல முடியாது. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதலில் கை தூக்கியவள் நான்தான்.

அனுமதிக்கு எழுதிக் கொடுத்து, போர் வண்டி வந்து, ஒரு பகல் முழுக்க நகரே புழுதியாகக் கிடந்தது. மாடிகளில் காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டது. ஆயிரம் அடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் பீறிட்டது. பெண்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். டிரைவர் அண்ணா போர் வண்டி ஆட்களுக்கெல்லாம் டீயும் பன்னும் வாங்கிவந்து தன் கையாலேயே கொடுத்தார். அன்று மாலை அண்ணிக்குத் தலை குளிப்பாட்டினோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு. ஈரத் தலையோடு அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

மூன்று வாரம் இருக்கும். ஒரு மதியம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார். எங்கள் நகருக்குக் கீழ்ப்புறம், ஏரியை ஒட்டி ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே சாமந்தி போட்டிருப்பவர் அவர்.

"தலைவரம்மா நீங்கதானா?"

"ஆமாங்க, உள்ள வாங்க."

அவர் உள்ளே வரவில்லை. "சண்டைக்கெல்லாம் வரலம்மா. உங்க புது மோட்டார் எத்தினி மணிக்குப் போடுறீங்க, எத்தினி மணிக்கு நிறுத்துறீங்கன்னு கேட்டுக்குனு போலாம்னு வந்தேன். நீங்க நிறுத்துற நேரம் பாத்து நான் போட்டா, என் கெணத்துல அரை மணி நேரமாச்சும் தண்ணி எடுக்கும்."

சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பேன். அவர் நேரம் கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிணற்றைப் பார்க்கப் போனேன்.

கல் கட்டிய பெரிய கிணறு. எட்டிப் பார்த்தால் கீழே ஒரு பாய் அளவுக்குத் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லைக் காட்டி, "போன சித்திரையில இதுவரைக்கும் இருந்துச்சு" என்றார். எங்கள் போரால்தான் இறங்கியதா, வெயிலால் இறங்கியதா, எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அவரும் உறுதியாகச் சொல்லவில்லை.

"மழை பேஞ்சா ஊறிடும் இல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"எங்கேர்ந்து ஊறும்? மலைப்பக்கத்துத் தண்ணி ஏரிக்கு வந்தாத்தான் கெணறு ஊறும். வர்ற வாய்க்கால்தான் உங்க நகருக்குள்ள பூந்து காணாம பூட்டுதே."

அவர் குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. தெரு பெயர் சொல்வதுபோல் சொன்னார்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் கணவரிடம் எங்கள் மனைப்பிரிவின் பழைய சர்வே வரைபடத்தை எடுக்கச் சொன்னேன். மனைகளாகப் பிரிப்பதற்கு முன்னால் இருந்த வரைபடம். போருக்கு அனுமதி கேட்டபோது அதிலும் ஒரு நகல் எடுத்திருந்தோம், ஆனால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இப்போது அவர் புதிய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து அளவுகோலால் அளந்தார். இணையாக ஓடும் இரண்டு கோடுகள் மேற்கிலிருந்து வந்து, நகரின் ஒரு ஓரத்தை வெட்டி, பூங்கா மனை வழியாகக் கிழக்கே ஏரிக்குப் போயின. பூங்கா மனை இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் குட்டையே வரைந்திருந்தது. அவர் அளவுகோலை ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இது நம்ம வீடு" என்றார்.

எங்கள் வீட்டின் பின்பக்கம்தான். துணி துவைக்கும் இடம், வெளிப் பாத்ரூம், அதை ஒட்டிப் போன வருடம் கட்டிய ஒரு சின்ன அறை. அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு அக்கம்பக்கத்தில் யாருக்காவது கட்டு மாற்ற வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றால் வந்து உட்கார ஒரு இடம் வேண்டும் என்று நானே நின்று கட்டிய அறை. வெள்ளை டைல்ஸ், ஒரு வாஷ்பேசின், ஒரு கட்டில். அடுத்த பத்து இருபது வருடத்துக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் அந்த அறைதான்.

"யாருக்கும் தெரியாது. விட்டுடு" என்றார் அவர். "நாம வாங்குறப்பவே சமமாத்தான் இருந்துச்சு. நாமளா மூடினோம்?"

நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாகக்கூட இருந்தது. வரைபடத்தை மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். ஒரு வாரம் அது அங்கேயே இருந்தது. அந்த ஒரு வாரமும் கீழ் ஊர்ப் பக்கம் போகும் பாதையைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

என் மனம் மாறியது வார்டில்தான். அதில் பெரிய நிகழ்ச்சி ஒன்றும் இல்லை. காலை பத்து மணி வாக்கில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துடைத்து, எடை பார்த்து, துணியில் சுற்றி வைத்துவிட்டு, பதிவுக்காகத் தாயிடம் விவரம் கேட்டேன். ஊர் பெயர் கேட்டபோது அந்தச் சின்னப் பெண் ஏரியை ஒட்டிய அந்த ஊரின் பெயரைச் சொன்னாள். எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியவள், பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நாங்கள் கை தூக்கிய அந்த இருபது நிமிடத்தில் இந்தக் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது, அன்றைக்கு அவள் பிறக்கவே இல்லை. ஆனால் கிட்டத்தட்ட ஆயிரம் அடி ஆழத்தில் நாங்கள் கை வைத்தது அவளுக்கும் சேர்த்து இருந்த தண்ணீர். அவள் வளர்ந்து இங்கே வந்து பிள்ளை பெறும்போது என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்தேன். அவளுக்கு வாயில்லை, எனக்கு இருந்தது. நானோ வரைபடத்தைத் துணிக்கு அடியில் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. "நீ வெச்ச எடத்துலேர்ந்து அது தானா வெளிய வரும்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி கூட்டம் போட்டேன். மூன்று விஷயங்களைக் கேட்டேன். மோட்டாரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பூங்கா மனையில் பழையபடி குட்டை வெட்ட வேண்டும். வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும். முணுமுணுப்பு எழுந்தது. பூங்கா மனையில் பிள்ளைகள் ஷட்டில் ஆடுகிறார்கள், பௌர்ணமிக்கு வரும் சொந்தக்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள் என்றார்கள். "இப்பத்தான் தண்ணி வந்துச்சு, அதுக்குள்ள ரேஷனா?" என்றார் ஒருவர். நான் கீழ் ஊரைப் பற்றி, இனிமேல் பிறந்து வரப்போகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். டிரைவர் அண்ணா எழுந்து நின்றார்.

"சிஸ்டர், உங்களுக்குப் புள்ளையா குட்டியா? யாருக்குச் சேத்து வெக்கிறீங்க? என் வூட்டுல ஒருத்தி இன்னைக்குப் படுத்துகினு இருக்கா. நாளைக்குப் பொறக்கப் போற எவனுக்கோ நான் ஏன் தண்ணி விட்டு வெக்கணும்?"

என் கணவர் எழுந்திருக்கப் பார்த்தார், நான் அவர் கையைப் பிடித்தேன். அழுகை வரும்போலிருந்தது. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து நாற்காலி மேல் விரித்தேன்.

"வாய்க்கால் எங்க போவுதுன்னு பாருங்க. எங்க வீட்டுக்கு அடியிலதான் போவுது. ஒரு வாரமா தெரியும். மறைச்சு வெச்சிருந்தேன். எங்க வீட்டுல இருக்கிறதை நாங்க இடிச்சுக்கறோம். நீங்க குட்டைக்கு மட்டும் சம்மதிங்க."

முடிவு எடுக்காமலேயே கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் கட்டு மாற்றும் பெட்டியோடு எதிர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் கதவைத் திறந்தார்.

"வருவீங்களான்னு தெரில" என்றார்.

"புண்ணுக்கும் சங்கத்துக்கும் இன்னாண்ணா சம்பந்தம்?"

நான் கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து முடிக்கும்வரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நேத்து நான் பேசுனது தப்பு. ஆனா கேட்டது தப்பில்ல."

யோசித்துப் பார்த்தேன். அது நியாயமாகத்தான் பட்டது. "இல்லண்ணா. கேட்டது தப்பில்ல. நாளைக்கு வர்றவங்களுக்காகன்னு அண்ணியைத் தண்ணியில்லாம படுக்க வெக்க எனக்கும் மனசு வராது. ரெண்டு மணி நேரம் மோட்டார் ஓடுதுன்னா மொதல்ல உங்க டேங்க் ரொம்பட்டும். அப்புறம் மத்தவங்களுக்கு."

அவர் தலையாட்டினார். நான் பெட்டியை மூடும்போது, "பாத்ரூமை இடிச்சிட்டா எங்க குளிப்பீங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் இன்னொன்று இருக்கிறது என்றேன்.

அடுத்த கூட்டத்தில் குட்டைக்கும் இரண்டு மணி நேர மோட்டாருக்கும் சம்மதம் கிடைத்தது. எல்லோரும் கை தூக்கவில்லை, ஆனால் போதுமான கைகள் இருந்தன. தாலுகா ஆபீஸில் மனு கொடுத்து, அளக்க சர்வேயர் வந்தபோது, அவர் அளவுச் சங்கிலியோடு எங்கள் வெளிப் பாத்ரூமுக்குள் போய் நின்று, "கரெக்டா இங்கதாம்மா" என்றார். எங்களுக்கு மேற்கே, வாய்க்கால் வரும் வழியில் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மதில் சுவருக்கு அடியில் வழி விடச் சம்மதித்தார்கள். ஒருவர் உடனே, இன்னொருவர் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு. பூங்கா மனையில் குட்டை வெட்டி, தெருவுக்கு அடியில் பெரிய சிமென்ட் குழாய் பதித்தோம்.

அறையை இடித்த அன்று நான் டியூட்டிக்குப் போயிருக்கலாம். லீவு போட்டு வீட்டில் இருந்தேன். கட்டிலையும் வாஷ்பேசினையும் முதலில் வெளியே எடுத்து வைத்தார்கள். வெள்ளை டைல்ஸ் உடையும் சத்தம் கேட்டபோது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். கணவர் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று அடி தோண்டியதும் பழைய வாய்க்காலின் வண்டல் மண் தெரிந்தது, மேலே கொட்டியிருந்த செம்மண்ணுக்கு அடியில் கறுப்பாக, மெத்தென்று. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் வருத்தம் கொஞ்சம் தணிந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் இரண்டு மழையை மண்ணே குடித்துவிட்டது. மூன்றாவது மழை ஒரு மத்தியானம். மலை தெரியாமல் கறுத்திருந்தது. எங்கள் பின்பக்கத்துத் திறப்பில் முதலில் சருகு வந்தது, பிறகு பிளாஸ்டிக் பாட்டில்கள் வந்தன, அதன் பின்னால் செந்தண்ணீர் வந்தது. தெருக் குழாயில் குப்பை அடைத்துக்கொண்டு தண்ணீர் திரும்பி எங்கள் சமையலறை வாசல்வரை ஏறிவிட்டது. நான் கத்துவதற்குள் டிரைவர் அண்ணா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கியிருந்தார். அடைப்பு விட்டதும் தண்ணீர் ஒரே மூச்சாகக் குழாய்க்குள் போயிற்று. மழை விட்டபோது குட்டையில் முழங்கால் அளவு நின்றது. அவர் அண்ணியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் நிறுத்தினார். அண்ணிக்குப் பேச்சு குழறும். "எங்கேர்ந்து வருது?" என்று கேட்டார்.

"மலைலேர்ந்துதான்" என்றார் அண்ணா. "நம்ம சிஸ்டர் வூட்டு வழியா."

கார்த்திகை தீபத்துக்கு முன்பே ஏரியில் கால்வாசிக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டது. எங்கள் வாய்க்காலால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், அந்த வருடம் நல்ல மழை. சாமந்திக்காரப் பெண் மறுபடி கேட்டுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தண்ணி வருதும்மா. உங்க குப்பையும் சேந்து வருது. அதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழாய் வாயில் கம்பி வலை அடித்தோம். அவரும் வந்து எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்.

தை மாதத்தில் நானும் கணவரும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நாளைக்கு நாங்களே வீட்டை விற்றாலும், வாங்குகிறவர் மறுபடி மூடிவிடக் கூடாது அல்லவா. வாய்க்கால் போகும் துண்டைப் பொது உபயோகத்துக்கென்று எழுதிக் கொடுத்தோம். பத்திரம் எழுதுபவர், "வாரிசுங்க யாராச்சும் பின்னாடி ஆட்சேபணை பண்ணுவாங்களா?" என்று கேட்டார். வழக்கமான கேள்விதான். "வாரிசு இல்லீங்க" என்றேன். எத்தனையோ இடத்தில் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன், சொன்ன பிறகு எப்போதும் தலை குனிந்துகொள்வேன். அன்று குனியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து இரண்டு பேரும் மசால் தோசை சாப்பிட்டோம்.

அடுத்த கோடையில் தண்ணி லாரியை இரண்டே முறைதான் கூப்பிட்டோம். தண்ணீர்தான் இருக்கிறதே, மோட்டார் நேரத்தைக் கூட்டினால் என்ன என்று சிலர் கிளப்பினார்கள். நான் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. நான் பேசித்தான் இது நிற்கும் என்றால் எனக்குப் பிறகு நிற்காது. ஒரு மணி நேரம் வாதாடிய பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குட்டையின் உள்ளே ஒரு கல்லில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார்கள். தண்ணீர் கோட்டுக்கு மேலே இருந்தால் அரை மணி நேரம் கூடுதல். கீழே இறங்கினால் அரை மணி நேரம் குறைவு. என் மனதில் இருந்ததைவிட அது நல்ல யோசனை.

சமீபத்தில், எங்களுக்கு வடக்கே இருக்கும் இன்னொரு நகரிலிருந்து இரண்டு பேர் கணவரின் கடைக்கு வந்து தங்கள் நகரின் பழைய வரைபடத்தை நகல் எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து நேரே என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுடைய வாய்க்கால் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அடியில் போகிறது.

"கஷ்டமாச்சே" என்றேன்.

"பரவால்ல சிஸ்டர். மொதல்ல எங்க போய்க் கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அவர்களில் ஒரு பெண்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன் மேற்கே மலையடிவாரத்தில் தொடங்கி, மண்டபம்வரை அந்த வாய்க்காலை நடந்து பார்ப்பதாக இருக்கிறோம்.